மீன் தொட்டியில் வெண்புள்ளி நோயும் புது மீன் சேர்ப்பும்

(உழவர் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



நெல்லையும் உளுந்தையும் பற்றிப் பேச வேண்டிய உழவியல் விரிவுரையாளர் மீன் தொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் எண்ணக்கூடும். உங்களில் பலர் வீட்டில் குழந்தைகளுக்காகக் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறீர்கள். சென்னைக் கொளத்தூர்ப் பகுதியில் பல குடும்பங்கள் வண்ண மீன் வளர்த்துப் பிழைப்பதைப் பார்த்து, கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி கப்பியும் மோலியும் வளர்க்கத் தொடங்கியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். தொட்டி சிறிதோ பெரிதோ, மீன் சாவதற்குரிய காரணங்கள் ஒன்றுதான். அவற்றை நான் புத்தகத்தில் படித்ததை விட என் வீட்டுத் தொட்டியில் கற்றதே அதிகம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், என் மகளின் பிறந்த நாளுக்காக இரண்டு கறுப்பு மோலிகள் வாங்கி வந்தேன். இரண்டடித் தொட்டியில் ஏற்கெனவே 11 மீன்கள் இருந்தன. பையை அவிழ்த்துக் கடைத் தண்ணீரோடு அப்படியே ஊற்றி விட்டேன். நான்காம் நாள் மோலியின் வாலில் ரவை தூவியது போல வெண்புள்ளிகள் தெரிந்தன. மீன்கள் கூழாங்கல்லில் உடம்பை உரசிக் கொண்டன. மருந்து ஊற்றினேன். மூன்றே நாளில் புள்ளிகள் மறைந்தன. நோய் போயிற்று என்று மருந்தையும் நிறுத்தி விட்டேன். அடுத்த வாரம் எல்லா மீன்களின் மேலும் புள்ளிகள். 13 மீன்களில் 8 இறந்தன. மகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

நான் செய்த தவறு என்ன? இந்நோயை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கடியிலும் செவுளிலும் புகுந்து சில நாள் உண்டு வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி அதுதான். முற்றியதும் மீனை விட்டுக் கழன்று தொட்டியின் அடியில் ஒட்டிக் கொள்கிறது. தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக் கொண்டு, உள்ளேயே பிரிந்து பெருகி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளிவருகிறது. அவை நீந்தித் திரிந்து மீனைத் தேடும். இரண்டொரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் இறந்து விடும்.

தண்டுக்குள் புகுந்து விட்ட துளைப்பான் புழுவை மேலே தெளிக்கும் தொடு மருந்து கொல்லாது என்பதை நீங்கள் அறிவீர்கள். இதுவும் அப்படியே. தோலுக்குள் இருக்கும் போதும் கூட்டுக்குள் இருக்கும் போதும் எந்த மருந்தும் அதைத் தொடாது. நீந்தும் பருவத்தில்தான் கொல்ல முடியும். ஆகவே புள்ளி மறைந்தது என்றால் நோய் தீர்ந்தது என்று பொருளல்ல. எதிரி மீனை விட்டு இறங்கிப் பெருகிக் கொண்டிருக்கிறான் என்று பொருள். நான் மருந்தை நிறுத்தியது சரியாக அந்த நேரத்தில்.

கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் சிகிச்சையைத் தொடர வேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று விரைவாக முடியும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். ஹீட்டர் இருந்தால் ஒரே நாளில் ஏற்றாமல், சிறிது சிறிதாக 30 டிகிரி செல்சியஸ் வரை கொண்டு போகலாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஹீட்டர் தேவையே இல்லை. ஆனால் சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓட வேண்டும்.

கல்லுப்பு நல்ல துணை. லிட்டருக்கு 2 கிராம் போதும். தொட்டியின் நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். 60 நீளம், 30 அகலம், 25 உயரம் என்றால் 45 லிட்டர். உப்பு 90 கிராம். அதை வேறு பாத்திரத்தில் கரைத்து, இரண்டு நாளில் மூன்று நான்கு தவணையாக ஊற்றுங்கள். ஆவியான தண்ணீரை ஈடு செய்ய வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு தங்கி விடும் என்பதைக் களர் உவர் நிலம் வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை இறைத்து மாற்றினால் மட்டும் இறைத்த அளவுக்கு உப்புச் சேருங்கள். மோலிக்கும் கப்பிக்கும் உப்பு ஒத்துக் கொள்ளும். அடியில் மேயும் சிறு கெளுத்தி வகைகளுக்கும் சில நீர்ச் செடிகளுக்கும் அவ்வளவாக ஒத்துக் கொள்ளாது.

கடை மருந்து வாங்கினால் சீட்டில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்து விடுங்கள்; கரி மருந்தை உறிஞ்சி விடும். நமக்கு வாங்கி மீந்து போன ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பிரித்துக் கொட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. வெண்புள்ளிக்கு அது பயன்படாது. வடிகட்டியில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கும் கேடு.

அந்த நல்ல பாக்டீரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. வயலில் இடும் யூரியா முதலில் அம்மோனியாவாகி, பின் நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக மாறுகிறது அல்லவா? மீன் தொட்டியிலும் நடப்பது இதே வேலைதான். மீன் செவுள் வழியே அம்மோனியாவைக் கழிக்கிறது. வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினால் அத்தனையும் போய் விடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பெரும்பாலும் நோயல்ல, தண்ணீர்தான் கெட்டிருக்கிறது. துடுப்பு அரித்துப் போவதும் பல வேளைகளில் இப்படித்தான் தொடங்குகிறது. மருந்துப் புட்டியைத் தேடுமுன் கால் பங்கு நீரை மாற்றிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுங்கள்.

இனிப் புது மீனுக்கு வருவோம். சந்தையில் வாங்கி வந்த மாட்டை நேரே கொட்டிலில் மற்ற மாடுகளோடு கட்ட மாட்டீர்கள். மீனுக்கும் தனி இடம் கொடுங்கள். 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒரு பஞ்சு வடிகட்டி, ஒளிந்து கொள்ள ஒரு துண்டு பி.வி.சி. குழாய், இவ்வளவே போதும். பஞ்சைப் பெரிய தொட்டியில் ஒரு மாதம் முன்பே போட்டு வையுங்கள், பாக்டீரியா ஏறியிருக்கும். மூன்று அல்லது நான்கு வாரம் புது மீன் அங்கேதான். கடையில் பளபளப்பாக நீந்திய மீனின் செவுளில் ஒட்டுண்ணி இருந்தால் நமக்குத் தெரியாது. நோய் கண்டு தேறிய மீனும் அதைச் சுமந்து வரக்கூடும். வலையும் வாளியும் தனியாக இருக்கட்டும். முதலில் பழைய தொட்டி வேலையை முடித்து, பிறகு புதுத் தொட்டிக்குப் போங்கள்.

பையை 15 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விட்டு, பிறகு ஒவ்வொரு தம்ளராகத் தொட்டி நீரைப் பையில் சேர்த்து, அரை மணியில் மீனை வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. வெளியூரிலிருந்து பல மணி நேரம் பையிலேயே வந்த மீனானால், பையைத் திறந்த பின் வெகு நேரம் தாமதிக்காதீர்கள். மூடிய பையில் கரியமில வாயு நிறைந்து நீர் அமிலமாக இருக்கும்; அதுவரை அம்மோனியா அடங்கிக் கிடக்கும். திறந்ததும் வாயு வெளியேறி, கார அமில நிலை உயர்ந்து, அதே அம்மோனியா நஞ்சாகி விடும்.

வகுப்பு தொடங்குமுன் ஓர் அம்மா கேட்டார்கள், தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரை வாழைக்கு விடலாமா என்று. மருந்தும் உப்பும் இல்லாத தண்ணீரானால் தாராளமாக விடலாம். அதில் நைட்ரேட் இருக்கிறது. உப்புப் போட்ட தண்ணீர் வேண்டாம். லிட்டருக்கு 2 கிராம் என்பது உங்கள் பாசன நீர்ப் பரிசோதனைச் சீட்டில் இ.சி. 3க்கு மேல் போகும் நீர். மருந்து ஊற்றிய நீரைக் கிணற்றிலோ, உண்ணும் மீன் வளர்க்கும் குட்டையிலோ விடவே கூடாது. பச்சை மருந்து என்று கடைகளில் சொல்லும் மாலகைட் கிரீனை உண்ணும் மீனில் பயன்படுத்தத் தடை உள்ளது. வேண்டாத மீனையும் வாய்க்காலில் விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெருத்த பின் வெளியே விடப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தி இன்று நம் ஏரிகளில் வலையைக் கிழித்துக் கொண்டிருக்கிறது.

உங்கள் கேள்விகளை இப்போது கேட்கலாம்.