திருச்சாரணத்து மலையும் இல்லத்து அறமும்



கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அருகே சிதறால் என்னும் சிற்றூர் உள்ளது. அதனை அடுத்துள்ள குன்றினைக் கல்வெட்டுகள் திருச்சாரணத்து மலை என்று குறிக்கின்றன. வானில் இயங்கும் ஆற்றல் பெற்ற முனிவர்களைச் சாரணர் என்பது சமண மரபு. உச்சியில் முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பெரும்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாய் விளங்குகின்றன. அவர்களோடு ஒரு தாயும் அங்கே நிற்கின்றாள். அருகில் இரு சிறுவர். உடன் ஒரு சிங்கம். தமிழ்ச் சமணர் தருமதேவி என்று போற்றும் அம்பிகா இயக்கி அவள்; இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் சாசன தேவதை.

அவளது முற்பிறப்புக் கதை ஒரு வீட்டின் அடுக்களையில் தொடங்குகிறது. சோமசர்மன் என்னும் அந்தணனின் மனைவி அக்கினிலை. முன்னோர்க்குரிய சிராத்த நாளன்று விருந்தினருக்கென உணவு ஆக்கப்பட்டிருந்தது. அந்நேரத்தில் ஒரு சமண முனிவர் வாயிலில் வந்து நின்றார். பசித்து வந்த துறவிக்கு அவள் அன்போடு ஆகாரதானம் அளித்தாள். அழைக்கப்பட்டிருந்த அந்தணர்கள் அவ்வுணவை ஏற்க மறுத்தனர். கணவன் வெகுண்டு, அவளை வீட்டினின்றும் விரட்டினான். இரு குழந்தைகளோடு அவள் ஊர்ச்சயந்த மலையை அடைந்தாள். குழந்தைகள் பசியால் அழுதபோது அங்கிருந்த மாமரம் கனி தந்தது என்பது கதை.

பின்னர் சோமசர்மன் தன் பிழையை உணர்ந்து, அவளை அழைத்துவர மலைக்குச் சென்றான். தொலைவில் அவன் வருவதைக் கண்ட அக்கினிலை, மீண்டும் துன்புறுத்தவே வருகின்றான் என்று அஞ்சி மலையினின்றும் வீழ்ந்து உயிர்நீத்தாள். அவள் இயக்கியாகப் பிறந்தாள். அவனும் இறந்து, அவளது ஊர்தியாகிய சிங்கமானான்.

கதையில் அரக்கர் இல்லை, போர் இல்லை. ஒரு நண்பகல், ஒரு விருந்து, ஓர் ஆடவனின் சினம், இவ்வளவே. மன்னிப்புக் கேட்க வந்தவனின் காலடியோசையும் அவளுக்குச் சினத்தின் ஓசையாகவே கேட்டது. மனந்திருந்திய பின்னும் அவன் முன்பு சொன்ன சொல் அவளுள் வேலை செய்துகொண்டிருந்தது. மாமரம் கனிந்ததை வியப்போடு சொல்பவர் பலர். இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுவர். கதையின் உயிர் இங்கேதான் இருக்கின்றது.

குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் குரோதமே முதலில் வைத்து எண்ணப்படுகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு நேரும் கேட்டை மட்டும் கூறாமல், அக்கேட்டை விளைவிக்கும் பிரமாதம் என்னும் விழிப்பின்மையையும் சேர்த்தே கூறுகிறது. நீரை வடிகட்டுவதும், கிழங்கை விலக்குவதும், கதிரவன் மறையுமுன் உண்பதும் அவ்விழிப்பைப் பழக்கும் பயிற்சிகள். ஆயின் வடிகட்டிய நீரையே கடுஞ்சொல்லோடு நீட்டும் கையும் பல வீடுகளில் உண்டு.

இன்றைய குடும்பங்களில் சிக்கல் வேறொரு வடிவில் வருகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ அலுவலகம் செல்லும் மருமகள் வீடு திரும்ப ஏழு மணி ஆகிறது. கதிரவனோ அதற்குமுன் மறைந்துவிடுகிறான். இரவுணவு விலக்கு தவறிவிட்டது என்று மூத்தோர் முகம் வாடுகின்றனர். இளையோர் அந்த நோன்பையே சுமையாகக் கருதத் தொடங்குகின்றனர். நோன்பைக் கைவிடுவது இதற்குத் தீர்வாகாது. அதனை ஒருத்தியின் தோளில் மட்டும் ஏற்றுவதும் தீர்வாகாது. ஆறு மணிக்குள் உண்பது குடும்பத்தின் நோன்பு என்றால், நாலரை மணிக்கு அடுப்பேற்றுவதும் குடும்பத்தின் பணியே. பணிநிறைவு பெற்ற மாமனார் காய் நறுக்கினால் அவருடைய நயினார் பட்டத்திற்கு ஒரு குறையும் வந்துவிடாது.

தசலட்சண நோன்பின் நிறைவில் ஒருவரிடம் ஒருவர் பொறுத்தருள வேண்டும் வழக்கம் உண்டு. தொலைவிலுள்ள உறவினர்க்கெல்லாம் கைப்பேசியில் அச்செய்தி பறக்கிறது. அடுத்த அறையில் இருக்கும் மனைவிக்கு மட்டும் அது சென்று சேர்வதில்லை. சோமசர்மன் மலையேறியாவது வந்தான்.

திருச்சாரணத்து மலையில் பெண்மையின் பெருமைக்கு வேறொரு சான்றும் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி அம்மலைப் பட்டாரியார்க்குப் பொன் அணிகலன் வழங்கினார் என்று கல்வெட்டு கூறுகிறது. அவர் பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியார். குரத்தி என்பது குரு என்பதன் பெண்பால். தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையிலும் திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர் கல்லில் காணப்படுகிறது. அங்கே குயவர், தச்சர், கொல்லர் முதலிய உழைப்பாளிகளும் திருமேனிகள் செய்வித்துள்ளனர். அக்காலத்தில் அறம் செல்வர் வீட்டு முற்றத்தோடு நின்றுவிடவில்லை.

நாஞ்சில் நாட்டின் நடுவே உள்ள நாகர்கோவில் நாகராசர் கோயிலில் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் தூண்களில் இன்றும் உள்ளன. 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அங்கிருந்த குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் ஆகியோரைக் குறிப்பிடுகின்றன. அதுபற்றி விரிப்பின் தனி உரையே வேண்டும்.

சிதறால் பாறையில் உருவம் செய்வித்தவர்களுள் வீரநந்தி என்பவர் திருநறுங்கொண்டையைச் சேர்ந்தவர். அப்பாண்டைநாதர் திருவடி தொழ ஆண்டுதோறும் குடும்பத்தோடு செல்வோருக்கு அவ்வூரைச் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவ்வூர்த் துறவி ஒருவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்கோடிவரை நடந்து வந்திருக்கின்றார். அடுத்த கோடை விடுமுறையில் கன்னியாகுமரிக் கடல் காணச் செல்லும் குடும்பங்கள், அரைநாள் ஒதுக்கி இம்மலையும் ஏறலாம். தொல்லியல் துறையின் காப்பிலுள்ள இடம், படிவழி எளியது. தருமதேவியின் அருகில் அந்தச் சிங்கம் ஏன் நிற்கிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். அவ்விடத்தில் அக்கதையைத் தந்தையே சொல்லட்டும்.