சிஸ்டம் ரீஸ்டோர் ஃபெயில் ஆனா, ஃபார்மேட்டுக்கு முன்னாடி என்ன பண்ணலாம்?

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் விண்டோஸ் சிஸ்டம் ரீஸ்டோர். அது எப்படி வேலை செய்யுதுன்னு நிறைய வீடியோ இருக்கு. அது வேலை செய்யாம போனா என்ன பண்றதுங்கறதுக்குத்தான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இதைப் பேச வச்சது ஒரு வாய்ஸ் மெசேஜ். சிவகாசியில டி.டி.பி. வேலை பார்க்குற ஒரு அக்கா அனுப்பியிருந்தாங்க. கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆனதுல இருந்து ஸ்கிரீன் மினுக்குது, டிசைன் சாஃப்ட்வேர் தானா மூடிக்குது. மூணு தடவை ரீஸ்டோர் கொடுத்திருக்காங்க. மூணு தடவையும் "சிஸ்டம் ரீஸ்டோர் டிட் நாட் கம்ப்ளீட் சக்சஸ்ஃபுல்லி"ன்னு வந்திருக்கு. சர்வீஸ் கடையில கேட்டா, "சி டிரைவை ஃபார்மேட் பண்ணிடலாம்"னு சொல்லிட்டாங்க. ஆனா ஆறு வருஷத்து பத்திரிகை டிசைன் எல்லாம் டெஸ்க்டாப்லயும் டாக்குமென்ட்ஸ்லயும் கிடக்கு. ரெண்டுமே சி டிரைவ்.

அவங்களுக்கு நான் முதல்ல சொன்னது, நாலாவது தடவை ரீஸ்டோர் கொடுக்காதீங்க, ஃபைல் எல்லாத்தையும் வெளியில ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுங்கன்னுதான். டி டிரைவுக்கு மாத்துறது கணக்குல வராது. பெரும்பாலான கம்ப்யூட்டர்ல சி, டி ரெண்டும் ஒரே டிஸ்க்கோட ரெண்டு பாகம்தான். ரீஸ்டோர் ஃபெயில் ஆகறதுக்கு டிஸ்க் கெட்டுப்போக ஆரம்பிச்சதும் ஒரு காரணமா இருக்கலாம். அந்த நிலைமையில அதுக்கு மேல மேல வேலை கொடுக்கறது ஆபத்து.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். சிஸ்டம் ரீஸ்டோர் பேக்கப் கிடையாது. அது விண்டோஸோட ஃபைல்கள், ரிஜிஸ்ட்ரி, டிரைவர், இன்ஸ்டால் பண்ண புரோகிராம் இதையெல்லாம்தான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். உங்க போட்டோ, டாக்குமென்ட் தெரியாம அழிஞ்சுபோனா திருப்பித் தராது.

2000-ல விண்டோஸ் மில்லேனியம்ல வந்த வசதி இது. விஸ்டாவுல இருந்து, வால்யூம் ஷேடோ காப்பிங்கற சர்வீஸ் மேல ஓடுது. கணக்கு நோட்டுல ஒரு வரியை அடிச்சு மாத்துறதுக்கு முன்னாடி, பழைய வரியை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அதே நோட்டுக்குள்ள செருகி வைக்கிற மாதிரி. அதே நோட்டுங்கறதுதான் சிக்கல். நோட்டு தொலைஞ்சா சீட்டும் போச்சு. சீட்டு வைக்க ஒதுக்கின இடம் நிறைஞ்சா, பழைய சீட்டைத்தான் முதல்ல தூக்கி எறியும். 2017-ல வானாக்ரை வைரஸ் பரவினப்போ, அது இந்த ஷேடோ காப்பிகளையும் சேர்த்து அழிச்சது. மீட்க வழி இருக்கக்கூடாதுன்னுதான்.

சரி, காப்பி எடுத்தாச்சு. அடுத்து, ஒரே ஒரு டிரைவர்தான் பிரச்சனைன்னா முழு சிஸ்டத்தையும் ஏன் பின்னாடி இழுக்கணும்? டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டரோட ப்ராப்பர்ட்டீஸ் போனா, டிரைவர் டேப்ல "ரோல் பேக் டிரைவர்"னு ஒரு பட்டன் இருக்கும். அக்காவுக்கு அது சாம்பல் கலர்ல, அமுக்க முடியாம இருந்தது. பழைய டிரைவர் மிஷின்ல இல்லைன்னு அர்த்தம்.

அதனால திரும்பவும் ரீஸ்டோர்தான், ஆனா விண்டோஸுக்கு வெளியில இருந்து. விண்டோஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது ரீஸ்டோர் தோற்கறதுக்கு ஆன்டிவைரஸ் ஒரு முக்கியமான காரணம். தன்னோட ஃபைலை யாரையும் தொட விடாது. ஷிஃப்ட் கீயை அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுங்க. நீலக் கலர்ல ஒரு திரை வரும். அதுல ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ரீஸ்டோர்னு போகணும். இந்த இடத்துல ஆன்டிவைரஸ் ஓடாது.

ரெண்டு எச்சரிக்கை. பிட்லாக்கர் போட்ட மிஷின்னா, இங்க 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். நீங்க பிட்லாக்கரைத் தொட்டதே இல்லைன்னாலும், புது லேப்டாப்ல என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆகியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி கீயை எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணுங்க. இன்னொண்ணு, இந்த வழியில பண்ற ரீஸ்டோரை அன்டூ பண்ண முடியாது. வேற ரீஸ்டோர் பாயிண்ட் இருந்தா அதுக்கு வேணும்னா போகலாம்.

அக்காவுக்கு லிஸ்ட்ல ரெண்டு பாயிண்ட் இருந்தது. புதுசு இங்கயும் ஃபெயில். பழசு ஏறிடுச்சு, ஸ்கிரீன் மினுக்கறதும் நின்னுடுச்சு. ஆனா நடுவுல போட்ட தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் போயிடுச்சு, திரும்ப இன்ஸ்டால் பண்ணாங்க. "ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்"னு ஒரு லிங்க் இருக்கு, எதெல்லாம் போகும்னு முன்னாடியே காட்டும். யாருமே அதை அமுக்கறதில்லை.

இதுவும் ஃபெயில் ஆனா? கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினா திறந்து முதல்ல டிஸ்ம்மோட ரீஸ்டோர்ஹெல்த், அதுக்கப்புறம் எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் ஓட்டுங்க. முதல் கமாண்ட் விண்டோஸோட மூல ஃபைல்களைச் சரி பண்ணும், ரெண்டாவது அதை வச்சு உடைஞ்ச சிஸ்டம் ஃபைலை மாத்தும். விண்டோஸ் 11-ல புது வெர்ஷனா இருந்தா, செட்டிங்ஸ்ல ரெக்கவரி பக்கத்துலயே விண்டோஸை ரீஇன்ஸ்டால் பண்ற வழி இருக்கு. உங்க ஃபைல், புரோகிராம் அப்படியே இருக்கும். ஃபார்மேட்னு யாராவது சொன்னா, இதெல்லாம் பார்த்தாச்சான்னு கேளுங்க.

லிஸ்ட்ல ரீஸ்டோர் பாயிண்ட்டே இல்லைன்னா மேல சொன்ன ரீஸ்டோர் வழி எதுவும் உதவாது. பல மிஷின்ல சிஸ்டம் ப்ரொடெக்ஷன் ஆஃப்லதான் இருக்கு. ஸ்டார்ட்ல "கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்"னு தேடுங்க, சி டிரைவுக்கு நேரா "ஆன்"னு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கான்ஃபிகர் போய் ஆன் பண்ணி, கொஞ்சம் இடம் ஒதுக்குங்க. விண்டோஸ் 11-ல 24ஹெச்2 வெர்ஷன்ல, 2025 ஜூன் அப்டேட்டுக்கு அப்புறம், ஒரு பாயிண்ட் அதிகபட்சம் 60 நாள்தான் இருக்கும். அதனால பெரிய டிரைவரோ சாஃப்ட்வேரோ போடறதுக்கு முன்னாடி, அதே விண்டோல கிரியேட் பட்டனை அமுக்கிட்டுப் போடுங்க. ஒரு நிமிஷ வேலை.

அடுத்த எபிசோட்ல ஃபைல் ஹிஸ்டரி பத்திப் பேசலாம். அக்காவோட அடுத்த கேள்வியும் அதுதான்.