ஒற்றைக் கோடு சொல்லாதது



கொரோனாக் காலத்தை நாம் மறந்துவிடலாகாது. 2020 ஏப்ரலில், இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிய சீன விரைவுக் கருவிகளின் முடிவுகள் பெரிதும் முரண்பட்டமையால், அவற்றைக் கைவிடுமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. ஜூனில், மூக்குச்சளியில் கிருமியின் புரதத்தையே காணும் ஆன்டிஜென் சோதனைக்கு இசைவளித்தது. அரை மணியில் விடை! இரட்டைக் கோடு தோன்றின் தொற்று உறுதி. ஒற்றைக் கோடாயினும், காய்ச்சல் இருப்பின் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையும் வேண்டும் என்றது.

திருத்தணியிலிருந்து எல்லை கடந்து நாட்கூலிக்குச் செல்வோர்க்கு விரைந்த விடை பெரும் பேறே. எனினும் ஒற்றைக் கோட்டையே நம்பிக் காய்ச்சலோடு நடமாடின், வீட்டு முதியோர்க்கே கேடு. இரட்டைக் கோடு கண்டவரை வெறுத்தொதுக்குவதோ அதனினும் கொடிது. தீண்டாமையின் வடுவைச் சுமந்த நாம், நோயுற்றோரைத் தீண்டத்தகாதவராக்கலாமா? இனியொரு தொற்று வரினும், தனித்திருப்போர் வாயிலில் உணவு வைப்போம். பெயர் சொல்லி நலம் கேட்போம்.