வார இறுதியில் வானொலி

வார நாட்களின் காலையில் வானொலிச் செய்தியை நாம் முழுச் செவியோடு கேட்பதில்லை. சமையலறையில் ஒருவர், சவரக் கண்ணாடியின் முன் ஒருவர், பள்ளிப் பையைத் தேடிக்கொண்டு ஒருவர் என்று வீடு சிதறிக் கிடக்கும். மணி என்ன ஆயிற்று, மழை உண்டா, மத்திய மந்திரிசபை நேற்று என்ன முடிவு செய்தது என்பவற்றோடு நம் தேவை தீர்ந்துவிடும். சனி, ஞாயிறுகளிலோ நிலைமை வேறு. இரண்டாவது முறை காப்பி கலக்கப்படும். வீட்டார் ஒரே அறையில் அமர்ந்திருப்பர். அப்பொழுது அதே செய்தி செவியில் விழுந்தால், "அதனால் யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கத் தோன்றும். இக்கேள்விக்கு விடை கூறும் வகையில் ஒரு நிகழ்ச்சியை அமைப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசியப் பொது வானொலி 40 ஆண்டுகளாக ஒலிபரப்பி வரும் 'வீக்கெண்ட் எடிஷன்' என்னும் நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் என்பது அதன் அளவு.

நிகழ்ச்சியின் பெயரிலேயே ஒரு நுட்பம் உண்டு. 'எடிஷன்' என்பது பத்திரிகைக்காரர்களின் சொல். பதிப்பு என்று நாம் வழங்குகிறோம். காற்றில் கரைந்துபோகும் ஒலிக்கு அச்சுத் தொழிலின் சொல்லைச் சூட்டியது காரணத்தோடுதான். அதைப் பின்னர்க் காண்போம். இன்னொரு சொல் நம்மைப்போல் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோரை மிகவும் திணறச் செய்வது. நிகழ்ச்சியை நடத்துபவரை அவர்கள் 'ஹோஸ்ட்' என்பர். தொகுப்பாளர் என்று எழுதி நாம் ஒப்பேற்றிவிடுகிறோம். ஆனால் அச்சொல்லின் முதற்பொருள் விருந்தை எதிர்கொண்டு வீட்டினுள் அழைத்து அமர்த்துபவர் என்பதன்றோ? தொகுப்பாளர் என்றதும் கத்தரிக்கோலும் பசையும் நினைவுக்கு வருகின்றன. விருந்தோம்புவார் என்றால் முகம் நினைவுக்கு வருகின்றது. வார இறுதி நிகழ்ச்சிக்கு வேண்டியவர் இந்த இரண்டாமவரே.

இந்த வானொலி தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1967ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்ட பொது ஒலிபரப்புச் சட்டம் அதற்கு வித்து. 1970இல் நிறுவனம் பதிவாயிற்று. அதன் நோக்கங்களை வகுத்து எழுதியவர் பில் சீமரிங் என்பவர். 1971 மே 3ஆம் நாள் மாலை அதன் முதல் செய்தித் தொகுப்பு ஒலிபரப்பாயிற்று. அன்று வாஷிங்டன் நகர வீதிகளில் வியத்னாம் போருக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி. அக்கிளர்ச்சியின் ஓசையை வீதியிலிருந்தே பதிவு செய்து ஏறக்குறைய 25 நிமிடம் ஒலிபரப்பினர். அதே மாலையில், ஆலன் கின்ஸ்பர்க் என்னும் கவிஞரும் அவருடைய தந்தையும் போதைப் பொருள்களைப் பற்றி உரையாடியதும், ஐயோவா மாநிலத்துச் சவரக்கடைக்காரர்கள் கதையும் இடம்பெற்றன. இளைஞர்கள் எல்லாரும் தலைமயிரை நீளமாக வளர்க்கத் தொடங்கவே தொழில் படுத்துவிட்டது. பிழைக்க வழி தேடி அந்தக் கடைக்காரர்கள் பெண்களின் கால்களுக்குச் சவரம் செய்யத் தலைப்பட்டனர்! நாட்டு நடப்பும் கலையும் தனி மனிதர் கதையும் முதல் நாளே ஒரே இலையில் பரிமாறப்பட்டதைக் காண்கிறோம். சவரக்கடைக் கதை வேடிக்கைக்காகச் சேர்த்தது என்று எண்ணிவிடலாகாது. ஒரு தலைமுறையே மாறிக்கொண்டிருந்தது என்னும் பெரிய செய்தியை வீதியின் கூச்சலைவிட அந்தக் கடையின் வெறும் நாற்காலி தெளிவாகச் சொல்லிற்று என்பது நமது கருத்து.

1972இல் அந்த மாலைத் தொகுப்பை நடத்தும் பொறுப்பு சூசன் ஸ்டாம்பர்க் என்னும் பெண்மணியிடம் வந்தது. அந்நாட்டில் நாடு தழுவிய அன்றாடச் செய்தி நிகழ்ச்சி ஒன்றை நடத்திய முதல் பெண் அவரே. நிலைய நிர்வாகிகள் சிலர் முகம் சுளித்தனர். காரணம், அவருடைய பேச்சில் நியூயார்க் நகரத்து வாடை மிகுதி என்பது. சீமரிங் அவருக்குக் கூறிய அறிவுரையோ, நீங்கள் நீங்களாகவே இருங்கள் என்பதுதான். அவரும் அங்ஙனமே இருந்தார். நன்றி நவிலல் பெருநாள் வரும்போதெல்லாம் தம் மாமியாரின் சமையற் குறிப்பு ஒன்றை ஆண்டுதோறும் வானொலியில் சொல்லிவந்தார். கிரான்பெரி என்னும் புளிப்புக் கனி, வெங்காயம், சர்க்கரை, புளித்த பாலேடு, மூக்கைத் துளைக்கும் காரக் கிழங்கு ஒன்று ஆகியவற்றை அரைத்துக் கலக்கும் ஒருவகைப் பச்சடி அது. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு நிறம். கேட்பதற்கே விந்தையாக இருக்கும் இந்தப் பண்டத்தை அவர் சொல்லாமல் விட்டால் பெருநாள் வந்ததாகவே நேயர்கள் பலருக்குத் தோன்றாது. மாமியார் கைப்பக்குவம் அரசியல் செய்தியின் அருகே அமர்வதில் நம்மவருக்கு வியப்பு இராது. நம் வீட்டுத் திண்ணைகளில் என்றுமே அப்படித்தானே!

1985 நவம்பரில் சனிக்கிழமைப் பதிப்பும், 1987 ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பும் தொடங்கின. ஞாயிறு நிகழ்ச்சியை ஸ்டாம்பர்க் ஏற்றார். ஞாயிறு செய்தித்தாளை வானொலியில் விரித்துப் போடுவதே அவருடைய எண்ணம். பெயரில் 'பதிப்பு' நிற்பது எத்துணைப் பொருத்தம் என்பது இப்பொழுது விளங்கும். செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் புதிர் இருப்பதுபோல வானொலியிலும் ஒரு புதிர் வேண்டுமென்று வில் ஷார்ட்ஸ் என்பவரை அமர்த்தினார். புதிர்க்கலையையே தாமாகப் பாடமாக வகுத்துக்கொண்டு இந்தியானா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற விந்தை மனிதர் அவர். வாரம் ஒரு புதிர் விடுப்பார். சரியான விடை அனுப்பியோருள் ஒருவரைத் தெரிந்தெடுத்து மறுவாரம் அவரோடு வானொலியிலேயே சொல்விளையாட்டு நடத்துவார். பரிசு என்னவென்று நினைக்கிறீர்கள்? சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சிறு வில்லை. அதற்காக நேயர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். விளையாடும் முன் அவர் எந்த ஊர், என்ன தொழில், எத்தனை காலமாக எழுதிப்போடுகிறார் என்றெல்லாம் விசாரிப்பு நடக்கும். புதிர் வெறும் சாக்கு. முகமறியாத ஒருவரை நாடு முழுவதற்கும் அறிமுகம் செய்துவைப்பதே உண்மையான அலுவல். 2024இல் தமக்கு மூளைத் தாக்கு நேர்ந்ததை ஷார்ட்ஸ் தம் குரலாலேயே நேயர்களுக்கு அறிவித்தார்; உறவினருக்குச் சொல்லும் முறையில் சொன்னார்.

மாக்லியாட்சி சகோதரர்களையும் நாடெங்கும் அறியச் செய்தது இந்த ஞாயிறு நிகழ்ச்சியே. டாம், ரே என்னும் அவ்விருவரும் புகழ்பெற்ற மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துவிட்டு, மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்தவர்கள். தொலைபேசியில் அழைப்பவர் தம் வண்டி எழுப்பும் ஓசையை வாயாலேயே செய்து காட்டுவார். கடகட என்பார் ஒருவர், கீச்கீச் என்பார் மற்றொருவர். பாஸ்டன் பேச்சு வாடையோடு அண்ணனும் தம்பியும் வெடித்துச் சிரிப்பர். பழுது விசாரணை மெல்ல மெல்ல வண்டியை யார் ஓட்டியது, கணவரா மனைவியா என்னும் விசாரணையாகிவிடும். தனி நிகழ்ச்சியாக வளர்ந்து அது பல்லாண்டு ஒலித்தது.

சனிக்கிழமையின் கதை சற்று வேறு. ஸ்காட் சைமன் தொடக்கமுதல் அதை நடத்தி வருபவர். போர்க்களங்களிலிருந்து செய்தி அனுப்பிப் பழகியவர். வாரந்தோறும் அவரோடு அமர்ந்து நடப்புகளை அலசியவர் டேனியல் ஷோர் என்னும் முதுபெரும் செய்தியாளர். 1957இல் குருஷ்சேவைத் தொலைக்காட்சிக்காகப் பேட்டி கண்டவர் இவர். 1973இல் குடியரசுத் தலைவர் நிக்சனின் பகைவர் பட்டியல் வெளியானபோது, அதை நேரடி ஒலிபரப்பில் படித்துக்கொண்டே வந்தவர், பதினேழாம் இடத்தில் தம் பெயரையே கண்டு அதையும் தயங்காது படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அத்தகையவர் வாரத்தின் அரசியலை விளக்கும்போது வரலாறு நேரில் அமர்ந்து பேசுவது போலிருக்கும். 2010 ஜூலை 23ஆம் நாள், 93ஆம் வயதில் அவர் காலமாகும்வரை இப்பணி நின்றதில்லை.

தனி மனிதர் கதைக்கு எல்லை எது என்னும் கேள்வியும் சைமனாலேயே எழுந்தது. 2013 ஜூலையில் சிக்காகோ மருத்துவமனையில் அவருடைய அன்னையார் இறுதிப் படுக்கையில் இருந்த நாட்களில், அருகிலிருந்தபடியே சிறு சிறு குறிப்புகளாக டுவிட்டர் வாயிலாக வெளியிட்டு வந்தார். இலட்சக்கணக்கானோர் படித்துக் கண்ணீர் விட்டனர். மரணப் படுக்கையையும் அரங்கில் ஏற்றலாமா என்று கடிந்தவர்களும் உண்டு. நாம் இவ்வகையில் கடிந்தவர் பக்கம் முழுதும் சாயவில்லை. எனினும் ஓர் அச்சம் உண்டு. கண்ணீர் எளிதில் விலைபோகும் சரக்கு. செய்தியைச் சேகரிக்கப் பொருளும் உழைப்பும் வேண்டும். கதையைச் சேகரிக்க ஓர் ஒலிவாங்கி போதும். செய்தி குறைந்து கதை மட்டும் நிரம்பிய நிகழ்ச்சி, உப்பில்லாமல் வெல்லம் மட்டும் போட்ட சமையலாகிவிடும்.

பொருளைப் பற்றியும் ஒரு சொல். 2025 ஜூலையில் அந்நாட்டுப் பாராளுமன்றம் பொது ஒலிபரப்புக்கென ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுவிட்டது. தலைமை நிறுவனத்துக்கு நேயர் நன்கொடை முதலிய வேறு வருவாய்கள் உண்டு. அலாஸ்காவிலும் செவ்விந்தியப் பழங்குடியினர் நிலங்களிலும் உள்ள சிறு நிலையங்களோ அந்த அரசுப் பணத்தையே பெரிதும் நம்பியிருந்தவை. அடி முதலில் விழுந்தது அவற்றின்மேல்தான். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டாம்பர்க் அம்மையாரும் 87ஆம் வயதில் மறைந்தார்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன? ஓர் எடுத்துக்காட்டு. ரயில் பயண முன்பதிவுக் காலம் 1-11-2024 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. வார நாளில் இது இரண்டு வரிச் செய்தி. டில்லியிலோ கல்கத்தாவிலோ உள்ள தமிழ்க் குடும்பத்துக்கு இது பொங்கலைப் பற்றிய செய்தி. விடுப்பு விண்ணப்பம், ஊரிலுள்ள பாட்டியின் மருந்துச் சீட்டு, குழந்தைகளின் தேர்வு அனைத்தையும் மாற்றி அடுக்கவைத்த செய்தி. அதைத் தம் வாயால் சொல்ல ஒருவரை அழைத்து அமர்த்தினால் வார இறுதி நிகழ்ச்சி பிறந்துவிடும். இன்று ஆகாசவாணியின் தமிழ் நிலையங்களைக் கைப்பேசிச் செயலி வழியே எந்த மாநிலத்திலிருந்தும் கேட்கலாம். ஆகவே தொலைவு ஒரு தடையன்று.

தடை வேறிடத்தில் இருக்கிறது. பேச அழைத்தால் நாமே கூசுகிறோம். நம் தமிழில் இந்தி கலந்துவிட்டது, கன்னடம் ஏறிவிட்டது, பிள்ளைகளுக்கு ழகரம் வரவில்லை என்று ஒலிவாங்கியைக் கண்டு பின்வாங்குகிறோம். அலுவலகத்தில் தூய தமிழில் கோப்புகளைப் பெயர்த்தெழுதும் நம் போன்றோரே இக்கூச்சத்தை வளர்த்தவர்கள் என்றாலும் தவறில்லை. கரோல்பாகில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், 'சப்ஜி வாங்கப் போனேன்' என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வாளாயின், அந்தச் சொல்லை வெட்டிவிட்டுக் 'காய்கறி' என்று திருத்தி ஒலிபரப்புவதா, அப்படியே விடுவதா? நியூயார்க் வாடையை அப்படியே விட்டார் சீமரிங். திருத்திய கதையில் கரோல்பாக் இராது, அவளும் இராள்.