போன வாரம் ஊற்றியது எங்கே போயிற்று?



சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைக்கு வண்டிகள் ஏறிப்போகும் சாலையின் ஓரத்திலேயே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் பட்டறை வேலை பார்த்து, அந்த மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கி வரும் கார்களின் நோய்களைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவன் நான். ஆகையால், காரில் ஓடுகிற எண்ணெய், தண்ணீர் முதலிய திரவங்களைச் சோதித்துப் பராமரிக்கும் முறை பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நான் தொழில் கற்றுக்கொண்ட மேஸ்திரி என்னிடம் கேட்ட ஒரு கேள்விதான்.

அப்போது எனக்கு மீசை முளைக்காத வயது. ஒரு டாக்டருடைய அம்பாசடர் வண்டி சனிக்கிழமைதோறும் எங்கள் பட்டறைக்கு வரும். பானெட்டைத் தூக்கி, ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால், ஒவ்வொரு வாரமும் அரை லிட்டர் குறைந்திருக்கும். நானும் வழக்கம்போல் அரை லிட்டர் ஊற்றி, மூடியைத் திருகி, டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிடுவேன். இப்படி ஐந்தாறு வாரம் நடந்த பிறகு ஒரு நாள், எண்ணெய் டப்பாவைச் சாய்க்கப்போன என் கையை மேஸ்திரி பிடித்துக்கொண்டு, "தம்பி, ஊத்துறது இருக்கட்டும். போன வாரம் ஊத்தினது எங்கே போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிகிறவரையில் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு, அன்றிரவு வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்தச் செய்து, அதன் அடியில் பழைய செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் விரித்துவைத்தார். மறுநாள் காலை அந்தக் காகிதங்களை வெளியே எடுத்து, ஜாதகக் கட்டத்தைப் பார்ப்பதுபோல இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். எஞ்சினும் கியர்பெட்டியும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம் படிந்திருந்தது. கிராங்க் தண்டின் பின்பக்கத்து வழியாக எண்ணெய் கசிகிறது என்பதை, ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் அந்தக் காகிதம் சொல்லிவிட்டது.

அன்று முதல் இன்றுவரை, எந்த வண்டி வந்தாலும் நான் கேட்கும் முதற் கேள்வி அதுதான். குறைந்ததை நிரப்புவது எவராலும் முடியும். குறைந்தது எந்த வழியாகக் குறைந்தது என்று விசாரிப்பதுதான் பராமரிப்பு என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனென்றால் காரில் உள்ள ஒவ்வொரு திரவமும் ஒவ்வொரு விதமாகக் குறைகிறது. சில குறைவது இயற்கை, சில குறையவே கூடாது.

எஞ்சின் ஆயிலை எடுத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிரியமான விஷயம் என்பதால் இதில் சற்று அதிக நேரம் நின்றால் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். காலையில் கிளப்புவதற்கு முன்பாகவோ, ஓடி வந்த வண்டியானால் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்தோ, அதாவது மேலே ஏறிய எண்ணெயெல்லாம் வடிந்து அடித்தொட்டிக்கு இறங்கிய பிறகு, கம்பியை உருவிச் சுத்தமான துணியால் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி, இரண்டாம் முறை உருவியதைத்தான் பார்க்க வேண்டும். முதல் முறை உருவியதில் எண்ணெய் கன்னாபின்னாவென்று அப்பியிருக்கும், அதை நம்புவதற்கில்லை. துடைப்பதற்குப் பழைய வேட்டித் துண்டு உத்தமம். பட்டறைகளில் கிடக்கும் பனியன் வேஸ்டின் நூல்பிசிறு கம்பியோடு உள்ளே போய்விடும். எண்ணெயின் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும். பெரும்பாலான கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள அளவு சுமார் ஒரு லிட்டர். ஆகவே குறைந்திருந்தால் கால் கால் லிட்டராக ஊற்றிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மேல் கோட்டையும் தாண்டி நிரப்பினால், சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த எண்ணெயில் காற்று கலந்திருப்பதால், உராயும் உலோகங்களைப் பிரித்துவைக்கும் சக்தி அதற்கு இல்லாமற் போகிறது.

மட்டத்தை மாத்திரம் பார்த்துவிட்டுக் கம்பியைத் திரும்பச் செருகிவிடாதீர்கள். அதன் நுனியில் உள்ள துளியை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல்போல் தட்டுப்பட்டால் உடனே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வீசினால், எரியாத பெட்ரோல் எண்ணெயில் இறங்குகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டியில் எண்ணெய் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டு வரும். "என் வண்டியில் ஆயில் குறைவதே இல்லை, கூடிக்கொண்டுதான் இருக்கிறது" என்று சந்தோஷத்துடன் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைவதைவிட ஏறுவதைக் கண்டுதான் அதிகம் அஞ்ச வேண்டும். நிறத்தையும் கவனியுங்கள். டீசல் வண்டியில் புது எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துப்போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். புகைக்கரியைத் தன்னுள் ஏந்திக்கொண்டு, அது உள்ளே படியாமல் காப்பது எண்ணெயின் கடமைகளில் ஒன்று. ஆனால் கம்பியிலோ மூடியின் அடியிலோ பால் கலந்த காப்பியின் நிறம் தெரிந்தால், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தாமதமின்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழே காகிதத்தில் சொட்டும் இல்லை, மேலே கம்பியில் எண்ணெயும் இல்லை என்றால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அப்போது புகைக்குழாயைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பிய கணத்தில் நீலப் புகை ஒருமுறை கக்கி நின்றுவிட்டால், வால்வுகளின் சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளே வடிந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால், பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. எண்ணெய் புகையாய்ப் போய்விட்டது என்பதே கேள்விக்குப் பதில். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய்தான் ஏற்றது என்று பழைய 20டபிள்யூ-40 எண்ணெயைப் புது வண்டிகளுக்கும் வாங்கி ஊற்றுகிறார்கள். புது எஞ்சின்களின் எண்ணெய் வழிகள் குறுகலானவை. அவற்றுக்கென்று 5டபிள்யூ-30 என்று கையேட்டில் எழுதியிருந்தால், அதைத்தான் ஊற்ற வேண்டும். வண்டி ஓடாமலே நின்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது அவசியம்.

இனி ரேடியேட்டர். ஒரு பள்ளி ஆசிரியர், மிகுந்த சிரத்தையுள்ளவர், மூன்று மாத காலம் நாள் தவறாமல் காலையில் ரேடியேட்டரில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்குப் புறப்படுவாராம். தண்ணீர் குறைகிறதே என்று அவர் எங்கோ கேட்டதற்கு, "தினமும் ஊற்றிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்று பதில் கிடைத்திருக்கிறது. கடைசியில் வண்டி நடுரோட்டில் நின்று, என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தபோது, ஹெட் கேஸ்கட் அரித்து, அலுமினிய ஹெட் உஷ்ணத்தால் வளைந்துபோயிருந்தது. அவர் ஊற்றிய தண்ணீர் பாதி எரியறைக்குள் ஆவியாகவும், பாதி எண்ணெய்க்குள்ளும் போயிருந்தது. அவ்வளவு ஒழுங்காகக் கடமையைச் செய்த மனிதருக்கு அவ்வளவு பெரிய செலவு வந்ததே என்று எனக்கு இன்றும் மனம் வருந்துகிறது. நேயர்களே, ரேடியேட்டரும் அதன் பக்கத்து டாங்கியும் மூடிய அமைப்பு. அதில் தண்ணீர் அடிக்கடி குறைவதற்கு நியாயமே இல்லை; குறைந்தால் அது எங்கோ போகிறது.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்பதைத் தாய்மார்களும் இளைஞர்களும் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். மூடி அழுத்திப் பிடித்திருப்பதால் உள்ளேயுள்ள தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரையில் அடங்கியிருக்கிறது. மூடியைத் திருகிய கணத்தில் அவ்வளவும் ஒரே வீச்சாகக் கொதித்து முகத்திலும் கையிலும் பீறிட்டு அடிக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரையும் ஊற்ற வேண்டாம். அதன் உப்பு, குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கையேடு சொல்லும் கூலண்டை, அது சொல்லும் விகிதத்தில் டிஸ்டில்ட் வாட்டர் கலந்து ஊற்றுங்கள். கூலண்ட் தித்திப்பானது, கொடிய விஷமும்கூட. தரையில் சிந்தினால் நாயோ குழந்தையோ நக்கிவிடாமல் உடனே கழுவிவிடுங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஆனால் அழுத்திச் சொல்கிறேன். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி உஷ்ணத்தைத் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒருவர் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார்; பாதி வழியில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விட்டது. எப்படியோ கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஓரமாக நிறுத்தித் தப்பினார். ஒரு மணி நேரம் கழித்து மிதித்தபோது பெடல் பழையபடி கெட்டியாக இருந்ததால், ஒன்றுமில்லை என்று வீட்டுக்கே போய்விட்டார். மனம் கேளாமல் மறுநாள்தான் என்னிடம் வந்தார். சூட்டில் ஆவியாய் மாறியது ஆறியதும் மீண்டும் திரவமாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த பிரேக் ஆயில் ஏழு ஆண்டாக மாற்றப்படாமல் கஷாயம்போல் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இங்கும் அந்தக் கேள்வி உண்டு. பிரேக் பேட் தேயத் தேய டாங்கியில் மட்டம் மெல்ல இறங்குவது இயற்கை. அதைக் கண்டதும் ஊற்றி நிரப்பிவிட்டால் பேட் தேய்ந்த செய்தியே மறைந்துபோகும். மட்டம் திடீரென்று இறங்கினால் கசிவுதான். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

நேரம் குறைந்துகொண்டு வருகிறது. பாட்டரியில் குறைவது தண்ணீர் மாத்திரமே, ஆசிட் அல்ல. ஆகவே மூடி திறக்கும் வகைப் பாட்டரியானால் டிஸ்டில்ட் வாட்டரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. பவர் ஸ்டீயரிங் எண்ணெயும் கியர் ஆயிலும் கையேட்டின்படி பார்க்க வேண்டியவை. இந்நாளில் பல கார்களில் ஸ்டீயரிங் மின்சாரத்தால் இயங்குவதால் அந்த எண்ணெய்க்கே வேலையில்லை. மின்சாரக் கார் வாங்கியவர்களும், எஞ்சின் ஆயில் தொல்லை விட்டது என்று எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டாம்; உங்கள் வண்டியிலும் பிரேக் ஆயிலும் கூலண்டும் உண்டு.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவையுங்கள். காலையில் அதில் கறுப்போ பழுப்போ தெரிந்தால் எஞ்சின் ஆயில், பச்சையோ இளஞ்சிவப்போ தெரிந்தால் கூலண்ட், சக்கரத்தருகே வெளிர்மஞ்சளாய் ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயில் என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஏஸி ஓடிய வண்டியின் கீழே நிறமற்ற வெறும் தண்ணீர் சொட்டியிருந்தால் கவலை வேண்டாம். கறை எதுவானாலும் காகிதத்தைக் கசக்கி எறியாமல், வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று அதன் ஓரத்தில் எழுதி, உங்கள் மெக்கானிக்கிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.