பின்கண்ணாடிக் கோடுகள்



மார்கழி, தை மாதங்களில் தில்லியின் விடியற்காலை எத்தகையது என்பதை இங்கு வாழும் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் நின்று பார்த்தால், மலை மந்திர்க் கோபுரமும் மூடுபனியில் மறைந்துவிடும். அவ்வேளையில் காரின் பின்கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்குவதற்காக, மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கோடுகளை அமைப்பதுண்டு. 'டீஃபிராஸ்டர்' என்னும் இதனை 'உறைபனி நீக்கி' என்று பெயர்த்தால் சொல் சரி. பொருள் இவ்வூருக்குச் சரியன்று. இங்கே கண்ணாடியை மறைப்பது பெரும்பாலும் உள்ளிருப்போரின் மூச்சிலுள்ள நீராவியே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலின் இவ்விடத்தில் சற்று நின்றுவிட்டேன், பொறுத்தருள்க.

என் அண்டை வீட்டு நண்பரிடம் 1972ஆம் ஆண்டின் அம்பாசடர் கார் ஒன்று உண்டு. அவருடைய தந்தையார் வாங்கியது. 50 ஆண்டு கடந்து, மூலவடிவம் மாறாதிருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடலாகாது என 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியதிலிருந்து கவலையில் ஆழ்ந்திருந்த நண்பருக்கு அவ்விதி ஆறுதலாயிற்று. பின்கண்ணாடியில் பிற்காலத்தில் யாரோ ஒட்டிய கோடுகள் பாதி உரிந்து தொங்கின. அவை பதிவுக்குத் தடையல்ல. ஆயினும் தந்தையார் ஓட்டிய நாளில் இருந்தபடியே கண்ணாடி இருக்கவேண்டும் என்பது அவரது ஆசை. உற்பத்தி 2014இல் நின்றுபோன கார். கண்ணாடி கீறினால் மாற்றுக்கு அலையவேண்டும்.

முதலில் அறியவேண்டியது, கோடு ஒட்டியதா, சுட்டதா என்பதே. நகத்தால் வருடினால் ஓரம் தூக்கிக் கொடுப்பது ஒட்டியது. சுட்ட கோடோ வெள்ளி கலந்த பசையால் அச்சிட்டு, கண்ணாடியைப் பதப்படுத்தும் உலை வெப்பத்தில் அதனோடு ஒன்றாக்கப்பட்டது. அதனைச் சுரண்டுவது கண்ணாடியையே சுரண்டுவதாகும். சிலர் அமிலத்தை நாடுகின்றனர். அது கையையும் கண்ணையும் கெடுக்கும், வேண்டாம். சுட்ட கோட்டை நீக்காமல் செப்பனிடுவதே அறிவுடைமை. கோடுகள் இரு பட்டைகளுக்கிடையே இணையாக ஓடுவதால், ஒன்று அறுந்தால் அது மட்டுமே குளிரும். 12 வோல்ட் மின்னோட்டத்தில் அளவுமானியைக் கோட்டின் மீது மெல்ல நகர்த்தினால், முள் திடீரெனத் தாவுமிடமே அறுந்த இடம். அங்கு வெள்ளிப் பூச்சுச் சிறிது தடவினால் போதும்.

நண்பரின் கோடுகள் ஒட்டியவை. பாட்டரி இணைப்பை முதலில் கழற்றினோம். நண்பகல் வெயிலில் கண்ணாடி இளஞ்சூடேறியபின், கோட்டின் நுனியைப் பற்றி மெல்ல மெல்ல உரித்தோம். அவசரப்பட்ட இடத்திலெல்லாம் கோடு அறுந்து, பசை தங்கியது. சோப்பு நீர் தெளித்து, புதிய பிளேடைக் கண்ணாடியோடு படியச் சாய்த்து, ஒரே திசையில் தள்ளினோம். எஞ்சிய பசையைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்தோம். அப்போது கதவுகள் திறந்திருந்தன, அருகில் நெருப்பில்லை. இரும்பு நார் கொண்டுவந்த பையனைத் திருப்பி அனுப்பினோம்.

கோடுகள் கிடந்த தடம் மட்டும் மங்கலாய் நின்றது. சீரியம் ஆக்சைடுத் தூளை நீரில் குழைத்துக் கம்பளித் துண்டால் தேய்க்க, அதுவும் குறைந்தது. நகத்தில் தட்டுப்படும் பழைய கீறல் ஒன்று மட்டும் போகவில்லை. அது தந்தையார் காலத்தது என்று சொல்லி நண்பர் அதனைத் தேய்க்க விடவில்லை.