கோழிக்கூட்டில் ஒரு டைனோசர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மைக்கைக் கொடுத்தால் வாத்தியார் பாடம் நடத்திவிடுவார் என்று முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். இன்று பாடம் அல்ல, ஒரு திருத்தம். "டைனோசர் இனம் பூண்டோடு அழிந்தது" என்று விலங்கியல் வகுப்பில் சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதினீர்கள், மார்க்கும் போட்டேன். அது தப்பு.

1861-இல் ஜெர்மனியில் அறியப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸைப் போர்டில் வரைந்தேனே, ஞாபகம் இருக்கா? சிறகும் உண்டு, பல்லும் எலும்பு வாலும் உண்டு. ஊர்வனவற்றுக்கும் பறவைக்கும் பாலம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். எந்த ஊர்வன என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் தேடவில்லை. அமெரிக்காவின் ஜான் ஆஸ்ட்ரம் தேடினார். 1969-இல் டைனோனிகஸ் என்ற ஊனுண்ணி டைனோசரை விவரித்தவர், அதன் கை எலும்புகள் ஆர்க்கியாப்டெரிக்ஸின் எலும்புகளோடு ஒத்திருப்பதைப் பின்னர் எடுத்துக்காட்டினார். 1996-இல் சீனாவிலிருந்து சைனோசாரோப்டெரிக்ஸ் வந்தது. பறக்காத டைனோசர், உடம்பெல்லாம் கோழிக்குஞ்சு போலத் தூவி! ஆக, பறப்பதற்கு முன்பே இறகு வந்துவிட்டது. நம்ம தோட்டத்து மயிலின் தோகை பறக்கவா உதவுகிறது?

சரி, திண்டுக்கல்லில் டைனோசர் எலும்பு கிடைக்குமா? கிடைக்காது. நம்ம மலைக்கோட்டைப் பாறை டைனோசர்களைவிட மிக மூத்தது. அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1980-களில் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் பிறகு நொறுங்கிப் போயின. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று ஜனங்கள் திரண்டார்கள். முட்டை அல்ல, கடல் படிவு உருண்டைகள் என்றார்கள் நிபுணர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? வீட்டுக் கோழியின் காலைப் பாருங்கள்: செதில், முன்னால் மூன்று விரல். மதியச் சாப்பாட்டில் கோழி வந்தால் நெஞ்சருகே கவட்டை எலும்பைத் தேடுங்கள். டைரனோசாரஸுக்கும் அது இருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது மற்ற டைனோசர்கள் மடிந்தன. இந்த ஒரு கிளை தப்பியது.

பழைய விடைத்தாள்களை இனித் திருத்த முடியாது. பேரப்பிள்ளை கேட்டால், கூரைமேல் நிற்கும் சேவலைக் காட்டி, "அதோ டைனோசர்" என்று சொல்லுங்கள். அதற்கு முழு மார்க்!